கல்வத்துத் தூள்

1978ஆம் வருஷம் மே மாதம் பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. வானத்தில் மேகம் என்று சொல்ல ஒரு துணுக்கு இல்லை, காற்றும் இல்லை. அக்கினி நட்சத்திரம் தொடங்கிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. காலில் செருப்பில்லாமல், இடுப்பில் வேட்டியும் தோளில் ஈரத் துண்டுமாக, ஆதி அண்ணாமலையைத் தாண்டி மலையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அது மூன்றாவது செவ்வாய். வேண்டுதலே மூன்று செவ்வாய்க்குத்தான் என்பதால் அன்றோடு முடிய வேண்டும்.

வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்தது. அங்கே மோர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் எனக்கு முன்னால் நின்றவர்களுக்குச் செம்பைக் கைக்குப் பக்கத்தில் வைத்து ஊற்றினாள். நான் இரண்டு கையையும் சேர்த்து நீட்டியதும் செம்பு மேலே போயிற்று. ஒரு முழ உயரத்திலிருந்து மோர் விழுந்தது, பாதி மண்ணுக்குப் போனது. அவள் முகத்தில் வெறுப்பு ஒன்றும் இல்லை. "இன்னும் வேணுமா சாமி?" என்றுகூடக் கேட்டாள். ஆனால் செம்பைக் கீழே இறக்கவில்லை.

என் கைகளைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். விரல் இடுக்குகள் சிவந்து தோல் உரிந்திருந்தன. புறங்கையில் கரும்பழுப்புத் திட்டுகள். கழுத்தைச் சுற்றியும் கண் இமைகளிலும் அதே வீக்கம், அதே எரிச்சல். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் தோலில் ஒரு திட்டு தெரிந்தாலே ஒரே ஒரு நோயைத்தான் நினைப்பார்கள். அதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். என் வீட்டிலும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. நர்சிங் மூன்று வருஷம் சென்னையில் படித்துவிட்டு, ஊருக்கு வெளியே புளியந்தோப்பை ஒட்டி இருந்த ஒரு தனியார் மனநல ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். முப்பத்தாறு படுக்கை. அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அடிப்பாங்களாமே?" அடிப்பார்கள்தான். நான் இருந்த வருஷங்களில் பத்தொன்பது முறை அடி வாங்கியிருக்கிறேன், நான்கு முறை கடி. எங்கள் தலைமை நர்ஸ் அம்மாவுக்கு ஒருமுறை மணிக்கட்டு முறிந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்களுக்குச் சொல்லித் தந்தது இதுதான்: யாருக்கும் முதுகைக் காட்டாதே, கதவுக்குப் பக்கத்தில் நில், சட்டைப் பையில் பேனா வைக்காதே. ஆபத்து எதிரே நிற்கும் ஆளிடமிருந்து வரும் என்று நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம். கல்வத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

கல்வம் என்று நான் சொல்வது நாட்டு வைத்தியர்கள் மருந்து அரைக்கும் கல். எங்கள் மருந்து அறையில் ஒன்று இருந்தது. காலை ஆறரைக்கும் மாலை ஆறுக்கும் அதில் நான் மாத்திரை அரைப்பேன். மாத்திரையை வாங்கி நாக்குக்கு அடியில் ஒதுக்கி, பிறகு சுவரோரம் துப்பிவிடுகிறவர்கள் எங்களிடம் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களுக்காகவே இந்த ஏற்பாடு. குளோர்ப்ரோமசின் என்ற மாத்திரை அது. மேலே சர்க்கரைப் பூச்சு இருக்கும், உடைத்தால் உள்ளே கடும் கசப்பு. அந்தக் கசப்பை மறைக்கக் கேழ்வரகுக் கூழைவிடத் தோதானது எதுவும் இல்லை. புளித்த கூழ், நிறமும் கருப்பு, அதில் கொஞ்சம் மோரும் உப்பும் சேர்த்துவிட்டால் கசப்பு தெரியாது என்பது எங்கள் கணக்கு. அரைக்கும்போது தூள் மெல்லியதாகப் பறக்கும். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் அது மினுங்குவதைப் பார்த்திருக்கிறேன். வேர்த்தால் அதே கையால் கழுத்தைத் துடைப்பேன், கண்ணைக் கசக்குவேன். கூழைக் கலக்குவதும் கையால்தான். கரண்டியால் கலக்கினால் கட்டி தட்டும்.

பிப்ரவரியில் அரிப்பு தொடங்கியது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து சோப்பை மாற்றினேன். மார்ச்சில் தோல் உரிந்தது. நாட்டு வைத்தியரிடம் எண்ணெயும் பொடியும் வாங்கிப் பூசினேன். ஏப்ரலில் என் மனைவிக்கு ஐந்து மாதம். அவள்தான் ஒருநாள் சாயங்காலம் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மூன்று செவ்வாய் மலை சுற்றுவதாக எனக்காக நேர்ந்துகொண்டதாகச் சொன்னாள். அவளால் நடக்க முடியாது, அதனால் நான் நடக்க வேண்டும்.

ராத்திரியில் குளிர்ச்சியாகச் சுற்றியிருக்கலாமே என்று இப்போது கேட்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் ராத்திரி ட்யூட்டி என்னுடையது. பௌர்ணமியில் லீவே கிடையாது. மனநிலை சரியில்லாதவர்களை மலை சுற்ற வைத்தால் தெளியும் என்று வெளியூரிலிருந்து அழைத்து வருவார்கள். பாதி வழியில் சமாளிக்க முடியாமல் எங்கள் கேட்டில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆகவே ட்யூட்டி முடித்து, குளித்து, எட்டு மணிக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்குத் திரும்புவேன். முதல் செவ்வாய் முடிந்ததும் எரிச்சல் ஜாஸ்தியானது. உள்ளே இருந்தது வெளியே வருகிறது, அது நல்லதுதான் என்று சொன்னார்கள். இரண்டாவது செவ்வாய்க்குப் பிறகு இமை வீங்கிக் கண் பாதிதான் திறந்தது. மூன்றாவது செவ்வாயன்றுதான் அந்த மோர்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து என் மாமனார் வந்தார். வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, விளைகிற கொஞ்சம் நிலமும் ஒரு ஜோடி மாடும் வைத்திருந்தவர், அதிகம் பேசமாட்டார். வாசலில் நின்றபடியே, டவுனில் வெயில் ஜாஸ்தி, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது, அழைத்துப் போகிறேன் என்றார். கீழ்பென்னாத்தூரில் வெயில் கம்மி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அதைச் சொல்லிக் காட்ட எனக்குத் தெம்பில்லை. என் மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். படியில் ஏறியதும் திரும்பி, "சோத்தைக் கரண்டியால போட்டு சாப்பிடுங்க, கையில காரம் பட்டா எரியும்" என்றாள். பிள்ளை பிறப்பதற்குள் இந்தக் கை சரியாக வேண்டும், இல்லாவிட்டால் என் பிள்ளையைத் தூக்க விடமாட்டார்கள் என்பது பஸ் புறப்பட்டபோது எனக்கு உறைத்தது. ஆகஸ்டில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மாதம் இருந்தது.

அடுத்த ஞாயிறு பார்க்கப் போனேன். எனக்கு இலையில் சாப்பாடு போட்டார்கள், மற்றவர்களுக்குத் தட்டில். மாப்பிள்ளைக்கு மரியாதை என்றும் அதை எடுத்துக்கொள்ளலாம். நான் உட்கார்ந்த பாயை மாமியார் கிணற்றடிக்கு எடுத்துப் போனதையும் பார்த்தேன்.

எங்கள் ஒன்பது பேரில் ஒருவர் மல்லாட்டை மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். வயது ஐம்பதுக்கு மேல். தூக்கம் போய், மண்டிக்காரர்கள் தன் சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கியதால் வீட்டார் கொண்டுவந்து சேர்த்தார்கள். சேர்ந்த இரண்டாம் வாரமே எங்கள் கூழிலும் ஏதோ இருக்கிறது, நாக்கு மரத்துப்போகிறது என்றார். பெரிய டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு மாத்திரையைக் கூட்டினார். கூட்டிய பிறகு இவர் இன்னும் உரக்கச் சொன்னார். டாக்டர் மறுபடி கூட்டினார். நான்கு மாத்திரை ஆறாகி, ஆறு எட்டாயிற்று. எனக்கு அரைக்க வேண்டிய தூளும் அதற்கேற்றபடி கூடியது. மற்றவர்களில் இன்னும் இருவருக்கும் இதே கதைதான். இவ்வளவு எண்ணுகிற எனக்கு அந்தக் கணக்கு மட்டும் அப்போது தோன்றவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் காலை அவர் முன்னால் கூழ்க் கிண்ணத்தை வைத்தேன். அவர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"தம்பி, கூழ்ல இன்னா கலக்கறியோ, அது உன் கை வழியா வெளிய வருது பாரு."

"ஒண்ணும் கலக்கலீங்களே."

"சரி. உன் விரலை நீயே நக்கிப் பாரு. நாக்கு மரத்துப்போச்சின்னா எனக்குப் பைத்தியம் இல்ல. மரத்துப்போகலன்னா இன்னும் ரெண்டு சேத்துப் போடு, வாயை மூடிக்கினு குடிச்சிடறேன்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு மருந்து அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்தேன். முதலில் கசப்பு. நூறு எண்ணுவதற்குள் நாக்கு நுனி என்னுடையதாக இல்லை, பல்லால் கடித்தும் தெரியவில்லை. அரை மணி நேரம் அப்படியே இருந்தது. ஏழு மாதமாக அவர் சொன்னது நடந்துகொண்டுதான் இருந்தது. சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்று பயந்து வந்த மனிதருக்கு நாங்கள் செய்த வைத்தியம், சோற்றில் கலந்து கொடுத்தது.

அன்றுதான் தொழுநோய்க் கிளினிக்குக்குப் போகும் தைரியம் வந்தது. அதுவரை போகாததற்குக் காரணம் அந்த வரிசைதான். அங்கே நிற்பதை ஒருவர் பார்த்தால் போதும், டாக்டர் என்ன சொன்னாலும் பிறகு எடுபடாது. இப்போது எனக்கு வேறு ஒரு காரணம் கையில் இருந்தது. புதன்கிழமை போய் நின்றேன், எனக்கு முன்னால் பதினேழு பேர்.

டாக்டரம்மா நடுவயதுக்காரர். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து என் கையில் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தை மற்றக் கை விரலால் காட்டச் சொன்னார். திட்டு இருந்த இடத்திலும் தொட்டார், இல்லாத இடத்திலும் தொட்டார்.

"பன்னெண்டு தடவை தொட்டீங்க" என்றேன்.

"பன்னெண்டும் சரி. உங்களுக்கு அந்த வியாதி இல்ல. கண்ணைத் திறங்க." பிறகு என் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "கடிகாரத்தைக் கழட்டுங்க."

கடிகார வாருக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் சுத்தமாக இருந்தது. அதற்கு மேலும் கீழும் புண். துணி மூடிய இடத்தில் ஒன்றும் இல்லையே என்று கேட்டார். உண்மைதான், இல்லை. மாத்திரை அரைப்பதைச் சொன்னேன், நாக்கு மரத்ததையும் சொன்னேன். அந்த மாத்திரைத் தூள் தோலில் படப்பட சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும், அதன்மேல் வெயில் பட்டால் வெந்த மாதிரி ஆகிவிடும் என்று விளக்கினார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களை வெயிலில் நிறுத்தாதே என்று எனக்குப் பாடத்திலேயே உண்டு. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அரைக்கிறவனைப் பற்றிப் பாடத்தில் ஒரு வரி இல்லை.

"வெயில்ல ஜாஸ்தி அலைஞ்சீங்களா?"

"மலை சுத்தினேன் டாக்டர். மூணு செவ்வா."

"எத்தனை மணிக்கு?"

"எட்டுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்."

அவர் பஞ்சை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். நான்கு மாதத்தில் என் கையைப் பார்த்து ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "சாமி மேல குத்தம் இல்ல. நேரந்தான் தப்பு" என்றார்.

அந்த ஞாயிறு கீழ்பென்னாத்தூர் போய் மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிளினிக்குக்கு என்னோடு வந்து நேரில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அந்த வாசலில் அவர் நிற்கமாட்டார் என்று தெரியும், அவரை யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் அவருக்கும் உண்டு. கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "டாக்டர் சொல்லிட்டாங்க, சரி. தோலு சொல்லணுமே மாப்ள" என்றார். என் மனைவி உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தோல் சொல்ல வேண்டுமானால் தூள் நிற்க வேண்டும். பெரிய டாக்டரிடம் போனேன். கெட்டவர் இல்லை, கட்டணம் கொடுக்க முடியாதவர்களையும் வைத்துக்கொள்வார். ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "கலக்கலன்னா எவன் முழுங்குவான்? நீ முழுங்க வெப்பியா?" என்றார். வைக்கிறேன் என்றேன். ஒரு வாரம் தருகிறேன், முடியாவிட்டால் நீ கல்வத்துக்குப் போ, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ரப்பர் கையுறை கேட்டேன். அறுவை சிகிச்சையே இல்லாத இடத்தில் கையுறை எதற்கு என்றார்.

கணக்குப்பிள்ளையிடம்தான் முதலில் போனேன். நாக்கு மரத்தது என்று சொன்னேன். கூழில் என்ன கலந்தோம், எத்தனை, எத்தனை நாளாக என்றும் சொன்னேன். கோபப்படுவார் என்று கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் கோபப்படவில்லை. போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டார். மூன்று நாள் கூழும் இல்லை, சோறும் இல்லை. நான் உரித்து வைத்த வாழைப்பழத்தைத் தொடவில்லை, உரிக்காமல் வைத்ததை மட்டும் தின்றார். எனக்கு வாரத்தில் நான்கு நாள் மிச்சம் இருந்தது.

நான்காம் நாள் காலை அவராகவே கூப்பிட்டார். "நீ சொன்னது போதாது தம்பி. நான் சொன்னப்ப எல்லாம் பொய்யின்னு சொன்னவரு அவரு. அவரு வாயால சொல்லட்டும்."

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். வார்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுருட்டினார்.

"ஆமா. கலந்தோம். உங்க நல்லதுக்குத்தான்."

"நல்லதோ கெட்டதோ, கலந்தீங்க இல்ல? அது போதும்" என்றார் கணக்குப்பிள்ளை. எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார். எட்டு மாத்திரையையும் ஒவ்வொன்றாகத் தண்ணீர் விட்டு விழுங்கினார். ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து நாக்கை மேலே தூக்கிக் காட்டினார். கடைசியில், "இனிமேலாவது கூழுக்கு உப்பு சரியாப் போடச் சொல்லு" என்றார். வார்டு முழுக்கச் சிரிப்பு. பெரிய டாக்டரும் சிரித்துவிட்டு, எட்டை ஆறாக்கிவிட்டுப் போனார்.

ஒன்பதில் ஐந்து பேர் அந்த வாரத்துக்குள் முழு மாத்திரைக்கு வந்தார்கள். நான்கு பேர் வரவே இல்லை. அவர்களுக்கு அரைத்துத்தான் ஆக வேண்டியிருந்தது, ஆனால் தெரிவித்துவிட்டு. வேறு ஒருவரிடம் கல்வத்தைத் தள்ளிவிட்டால் அடுத்த வருஷம் அவர் கை என் கையாகும். ஆகவே மருந்துக் கடைக்காரரிடம் சொல்லி வேலூரிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறை வரவழைத்தேன். கல்வத்தின் மேல் ஈரத் துணி போர்த்தி, அதற்கு அடியில் அரைத்தேன். வெளியே போகும்போது குடை, முழுக்கை சட்டை. காலை ஏழு மணி வெயிலுக்கும் குடை பிடிப்பவன் என்று தேரடித் தெருவில் என்னைக் கேலி செய்தார்கள். இன்றும் செய்கிறார்கள்.

ஜூலை கடைசியில் புண் ஆறியது, கறுப்பு மட்டும் நின்றது. மாமனார் டவுனுக்கு வந்தபோது என் கையை வாங்கி, விரல் இடுக்கைப் பிரித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கறுப்பு இன்னும் கீதே" என்றார். ஆகஸ்ட் இருபதாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. எனக்குச் செய்தி வந்தது இருபத்திரண்டாம் தேதி. போய்ப் பார்த்தேன். குழந்தையை என் மாமியார் தன் கையிலேயே வைத்துக் காட்டினார். தூங்குகிறது, எழுப்ப வேண்டாம் என்றார்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் நான் போகும் நேரத்தில் அது தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை பகல், ட்யூட்டி முடிந்து படுத்திருந்தேன். கதவு தட்டும் சத்தம். என் மனைவி பெட்டியோடும் குழந்தையோடும் தனியாக நின்றாள். தூறலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டு வந்தியா?"

"சொல்லிட்டுதான் வந்தேன். சரின்னு சொல்லல. கையை நீட்டுங்க."

நீட்டினேன். புறங்கை, உள்ளங்கை, விரல் இடுக்கு எட்டும் பார்த்தாள். அவசரமே இல்லாமல் பார்த்தாள். திட்டு இருந்த இடத்தை நகத்தால் கிள்ளினாள். வலிக்கிறதா என்று கேட்டாள், வலிக்கிறது என்றேன்.

"எங்கப்பா மல்லாட்டையைப் பாக்கற மாதிரி நானும் பாத்துட்டேன்" என்று சொல்லிக் குழந்தையை என் கையில் வைத்தாள். "தலையைப் புடிங்க. இன்னும் நிக்கல."

நான் அந்த வேலையை 1986 மார்ச் வரை பார்த்தேன். கணக்குப்பிள்ளை இரண்டு மாத்திரையில் நிற்கும் அளவுக்குத் தெளிந்து மண்டிக்கே திரும்பினார். கடித்தவர்கள், அடித்தவர்கள் பெயரெல்லாம் மறந்துவிட்டது. அந்தக் காயங்களில் ஒன்றுகூட என் வீட்டுக்குள் வரவில்லை. அப்படி உள்ளே வந்தது இந்தத் தூள் ஒன்றுதான். அதனால் மற்றவற்றை விட்டுவிட்டு அதற்கு மட்டும் கணக்குப் போட்டிருக்கிறேன். நாட்டு வைத்தியருக்கும் எண்ணெய்க்கும் முப்பத்தெட்டு ரூபாய், மலை சுற்றியதற்குத் தேங்காய், கற்பூரம் வகையில் ஆறு ரூபாய் நாற்பது காசு, கீழ்பென்னாத்தூருக்குப் போய்வந்த பஸ் சார்ஜ் பதினைந்து ரூபாய் நாற்பது காசு. வேலையை விடும்வரை என் காசிலேயே வாங்கிய கையுறை முப்பத்தொரு ஜோடி, இருநூற்றுப் பதினேழு ரூபாய். குடை மூன்று, அறுபத்தாறு ரூபாய். குடையை எல்லோருந்தான் வாங்குகிறார்கள், அதைச் சேர்க்கக் கூடாது என்கிறாள் என் மனைவி. சேர்த்திருக்கிறேன். மொத்தம் முந்நூற்று நாற்பத்திரண்டு ரூபாய் எண்பது காசு.